வாசகர் கேள்வி – எங்கள் பதில்: துருவத்துக் குவிமாடங்கள்

கேள்வி: ஐயா, கடுங்குளிர்ப் பகுதிகளில் தங்குவதற்கும் வேலை செய்வதற்கும் குவிமாடக் கட்டடங்களை அமைப்பது ஏன்? எங்கள் கடற்கரையில் அப்படி வீடு கட்டினால் புயலைத் தாங்குமா?
– மீனவர் ஒருவர், தங்கச்சிமடம்

பதில்: குவிமாடம் குளிரைக் குறைப்பதில்லை; உள்ளே உண்டாகும் வெப்பம் தப்பிச் செல்லும் பரப்பைத்தான் குறைக்கிறது. ஒரே கொள்ளளவுள்ள கனசதுரத்தைக் காட்டிலும் கோளத்தின் மேற்பரப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு குறைவு. வட துருவப் பகுதியில் வாழும் இனுயிட் மக்களின் பனிக்கட்டி வீடான இக்லூவில் இதனோடு வேறு இரண்டும் சேர்கின்றன: பனிக்குள் அடைபட்ட காற்று வெப்பத்தைத் தடுக்கிறது, வாசல் தாழ்வாகவும் படுக்கும் மேடை உயரமாகவும் இருப்பதால், மேலெழும் வெப்பம் உறங்குபவரைச் சுற்றியே நிற்கிறது.

ஆனால் தென் துருவத்தில் அமெரிக்கர் 1975இல் திறந்த அலுமினியக் குவிமாடத்தின் கதை வேறு. 50 மீட்டர் அகலமும் 16 மீட்டர் உயரமும் கொண்ட அந்தக் கூட்டுக்குள் வெப்பமூட்டும் வசதியே கிடையாது. வெப்பமூட்டிய அறைகள் தனிக் கட்டடங்களாக அதனுள் நின்றன. காற்றையும் பறக்கும் பனியையும் தடுப்பதே கூட்டின் வேலை. அதையும் அது நெடுங்காலம் செய்ய முடியவில்லை. தனுஷ்கோடியில் வேலியோ புதரோ காற்றை மறித்தால் அதன் மறைவில் மணல் மேடாகிவிடும் அல்லவா, அப்படியே குவிமாடத்தைச் சுற்றிப் பனி ஆண்டுதோறும் ஏறி அதை மெல்ல மூடியது. எனவே காற்று அடியிலும் புகுந்து செல்லுமாறு கால்கள் மேல் நிற்கும் புதிய நிலையம் 2008இல் திறக்கப்பட்டது. பழைய குவிமாடம் 2009-10 பருவத்தில் பிரித்தெடுக்கப்பட்டது. அண்டார்டிகாவில் நம் நாட்டின் முதல் நிலையமான தட்சிண் கங்கோத்திரியும் பனியில் புதைந்துதான் கைவிடப்பட்டது. அங்கே நம் நாடு 2012இல் திறந்த பாரதி நிலையம், 134 சரக்குப் பெட்டகங்களை இணைத்துத் தூண்கள் மேல் நிறுத்தப்பட்டது. களப்பணிக்குச் செல்வோருக்கு மட்டும், ஹெலிகாப்டரில் தூக்கிச் செல்லத்தக்க சிறு கண்ணாடியிழைக் குடில்கள் இன்றும் உருண்டை வடிவில் இருக்கின்றன. எங்கள் கருத்தில் குவிமாடத்திற்குத் தக்க அளவு அதுவே.

இனி உங்கள் வீடு. முட்டி நிற்கும் தட்டைச் சுவரும், காற்று பிடித்துத் தூக்கும் கூரை விளிம்பும் இல்லாததால் குவிமாடம் புயற்காற்றை நன்றாகவே சமாளிக்கும். எனினும் மேல்நோக்கிய இழுவிசை இருக்குமாதலால் அடித்தளத்தோடு இறுகப் பிணைக்க வேண்டும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்தது காற்று மட்டுமன்று, கடல்நீரும்தான். நீரைத் தடுக்க வடிவம் உதவாது, தரை உயரம்தான் உதவும். துண்டு துண்டாகக் கம்பிகளை இணைத்துக் கட்டும் குவிமாடம் வேண்டாம். ஒவ்வொரு இணைப்பிலும் உப்புக் காற்று துருவைத் தொடங்கிவிடும். கான்கிரீட்டே சரி, அதிலும் உள்கம்பியைப் போதிய கனத்தில் கான்கிரீட் மூடியிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.