வாயின் பற்றீரியாவும் அம்மாவின் மனச்சோர்வும்: கடிதமும் பதிலும்

மதிப்புக்குரிய ஐயா,

நான் களுதாவளையிலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 59 வயது. அப்பா இறந்த பிறகு அவருக்கு மனச்சோர்வு வந்தது. இப்போது மனநலக் கிளினிக்கில் அமிட்ரிப்டிலின் மாத்திரை தருகிறார்கள். நித்திரை கொள்கிறார், ஓரளவு சாப்பிடுகிறார். ஆனால் பல் துலக்குவதை ஏறக்குறைய விட்டுவிட்டார். முரசிலிருந்து இரத்தம் வடிகிறது. நாள் முழுவதும் வெற்றிலை போடுகிறார். கேட்டால், அது இருந்தால்தான் வாயில் ஈரம் வருகிறது என்கிறார்.

வெளிநாட்டில் இருக்கும் அத்தான், வாயிலும் மூக்கிலும் வாழும் பற்றீரியாதான் மனச்சோர்வை உண்டாக்குகிறது என்று ஒரு செய்தியை அனுப்பியிருக்கிறார். மாத்திரையை நிறுத்திவிட்டு, பழுதான பற்களை எல்லாம் கழற்றி, அன்ரிபயோட்டிக் கொடுத்துப் பார்க்கலாமே என்பது அவருடைய யோசனை. இதில் உண்மை இருக்கிறதா? தயவுசெய்து விளக்கமாக எழுதுங்கள். என் பெயரைக் குறிப்பிட வேண்டாம்.

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அவசரமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன்: அம்மாவின் மாத்திரையை நிறுத்த வேண்டாம். அமிட்ரிப்டிலினைத் திடீரென்று விட்டால் நித்திரை குழம்பும், குமட்டலும் பதற்றமும் வரலாம், இவ்வளவு பாடுபட்டுத் தணிந்த சோர்வு மறுபடி தலைதூக்கலாம். மனச்சோர்வு தீரும் என்ற நம்பிக்கையில் பற்களைக் கழற்றவும் வேண்டாம். பார்மசியில் அமொக்ஸிசிலின் போன்ற அன்ரிபயோட்டிக் வாங்கிக் கொடுக்கவும் வேண்டாம். நான் வைத்தியன் அல்லன், அறிவியலை வாசித்து எழுதுபவன்; ஆயினும் இந்த மூன்றையும் எந்த மனநல வைத்தியரும் உங்களுக்குச் சொல்வார். உங்கள் அத்தான் அனுப்பிய செய்தி பொய்யானதல்ல. மெய்யாகவே நடந்துகொண்டிருக்கும் ஓர் ஆராய்ச்சியைப் பற்றியது அது. அந்த ஆராய்ச்சி இன்று எந்த இடத்தில் நிற்கிறது என்பதுதான் அதில் விடுபட்டுப் போயிருக்கிறது.

மனித வாயில் சுமார் 700 வகைப் பற்றீரியாக்கள் இனங்காணப்பட்டுள்ளன. பெரும்பாலானவை தீங்கற்றவை, சில நமக்கு நன்மை செய்பவை. நாக்கின் பின்புறத்தில் வாழும் சில இனங்கள், கீரையிலிருந்து வரும் நைத்திரேற்றை மாற்றி, இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைத்திரிக் ஒட்சைட்டு உடலில் உருவாக வழிசெய்கின்றன. துலக்காத பல்லின் அடியில், முரசின் மடிப்புக்குள், ஒட்சிசன் எட்டாத இடத்தில் போர்பிரோமோனஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்ற இனங்கள் பெருகும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. முரசு வீங்குகிறது, இரத்தம் வடிகிறது, வடியும் அந்த வாசல் வழியாகவே பற்றீரியாவும் அதன் நச்சுப் பொருள்களும் குருதியோட்டத்தில் கலக்கின்றன. அதற்கு எதிராக உடல் சுரக்கும் அழற்சிப் புரதங்கள் மனநிலையையும் மாற்றக்கூடியவை. இதற்கான வலுவான சான்று வேறொரு நோயிலிருந்து கிடைத்தது: ஹெபடைட்டிஸ் சி நோயாளிகளுக்கு இன்டர்பெரோன் ஊசி ஏற்றிய காலத்தில், அழற்சியைத் தூண்டும் அந்த மருந்தினால், முன்பு மனநோயே இல்லாதவர்களிலும் கணிசமானோர் மனச்சோர்வுக்குள் விழுந்தார்கள்.

மூக்கின் கதை இன்னும் நேரடியானது. மூக்கின் கூரையில் இருக்கும் மணநரம்பு நுனிகளுக்கும் மூளைக்கும் இடையே ஒரு மெல்லிய எலும்புத் தகடுதான் உண்டு. அந்த நரம்புகள் சென்று சேரும் பகுதி, உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் பகுதிகளோடு நெருங்கிப் பிணைந்தது. 2022இல் அவுஸ்திரேலியாவின் கிரிபித் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், சுண்டெலிகளின் மூக்கில் இட்ட கிளமிடியா நியூமோனியே என்ற பற்றீரியா 72 மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக மூளையை எட்டியதைக் காட்டினார்கள். 2025இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மனிதரின் மூக்கில் சாதாரணமாகவே குடியிருக்கும் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் பாலியல் ஓமோன்களைச் சிதைக்கக்கூடியது என்றும், அதனால் சுண்டெலிகளிடம் சோர்வு போன்ற நடத்தை தோன்றியது என்றும் கண்டது. இந்த இரண்டு ஆய்வுகளிலும் நோயுற்றவை சுண்டெலிகள் என்பதை மறந்துவிடக் கூடாது.

மனிதரிடம் செய்த ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு விடயங்கள் ஒன்றாகக் காணப்படுவதைத்தான் சொல்கின்றன. அமெரிக்காவில் 2009 முதல் 2012 வரை 15,000க்கும் மேற்பட்டோரிடம் திரட்டிய தரவுகளை ஆராய்ந்தபோது, வாயிலுள்ள பற்றீரியா வகைகள் குறைந்தவர்களிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் கூடுதலாக இருந்தன. எது முந்தியது என்பதற்கு அதில் விடையில்லை. காரணம் என்று நம்பியதை நேரே தாக்கிப் பார்த்த ஒரு முயற்சியும் உண்டு. அது மனச்சோர்வில் அல்ல, அல்சைமர் என்ற மறதி நோயில். அந்த நோயாளிகளின் மூளையில் மேலே சொன்ன ஜிஞ்சிவாலிஸின் நொதிகள் இருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு வெளிவர, அந்த நொதியைத் தடுக்கும் மருந்தை 600க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் பரிசோதித்தார்கள். 2021இல் முடிவு வந்தபோது, நோயாளிகள் அனைவரையும் சேர்த்துப் பார்க்கையில் மறதியின் வேகம் தணியவில்லை.

பல்லைக் கழற்றும் யோசனைக்கு வருகிறேன். அது புதியதல்ல, அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. அமெரிக்காவின் நியூ ஜேர்சி மாநிலத்தில், டிரென்டன் அரச மனநோய் வைத்தியசாலைக்கு 1907 முதல் 1930 வரை பொறுப்பாக இருந்தவர் ஹென்றி கொட்டன். மனநோய்க்கு உடலில் ஒளிந்திருக்கும் கிருமித்தொற்றே காரணம் என்று அவர் உறுதியாக நம்பினார். நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார். சுகமாகவில்லை என்றால் தொண்டைச் சதையை வெட்டினார். அதற்கும் சுகமாகவில்லை என்றால் பெருங்குடலை அகற்றினார். நூற்றுக்கு 85 பேர் குணமானதாகக் கூறினார். 1920களின் நடுப்பகுதியில் பிலிஸ் கிரீனேக்கர் என்ற பெண் மனநல வைத்தியர் அந்த நோயாளிகளைத் தேடித் தேடி விசாரித்தபோது, அந்தக் கணக்கு பொய்த்தது. சத்திர சிகிச்சையால் இறந்தவர்களின் தொகையும் வெளிப்பட்டது. அந்த அறிக்கையை மேலிடம் வெளியிடாமல் வைத்துக்கொண்டது, கொட்டன் தொடர்ந்தார். தம் பிள்ளைகளின் பற்களையே பிடுங்கச் செய்தவர் அவர். ஏமாற்றுக்காரர் என்று அவரை ஒதுக்கிவிட முடியாது. சான்று வருவதற்கு முன்பே ஒரு விளக்கத்தின் மேல் முழு நம்பிக்கை வைத்தார், அதன் விலையை வாய் திறந்து மறுக்க முடியாத நோயாளிகள் கொடுத்தார்கள்.

இனி உங்கள் அம்மாவுக்கு நேரடியாகப் பொருந்துவதைச் சொல்கிறேன். வாயிலிருந்து மனத்துக்குப் போகும் பாதை இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. மனநோயிலிருந்து வாய்க்குப் போகும் பாதையோ ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்தது, ஆனால் நம் வீடுகளிலும் கிளினிக்குகளிலும் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவுஸ்திரேலியாவின் ஸ்டீவ் கைஸ்லியும் அவருடைய குழுவினரும் 2015இல் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்தபோது, கடும் மனநோய் உள்ளவர்கள் எல்லாப் பற்களையும் இழந்திருக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 2.8 மடங்கு என்று கண்டார்கள். சோர்வில் இருப்பவருக்குக் கட்டிலிலிருந்து எழுந்து கிணற்றடிக்குப் போய்த் தூரிகையைக் கையில் எடுப்பதே பெரிய வேலை. அதைச் சோம்பல் என்று வீட்டில் எவரும் சொல்ல விடாதீர்கள்.

அதோடு மாத்திரையும் சேர்கிறது. உமிழ்நீரைச் சுரக்கச் செய்யும் நரம்புச் செய்தியை அமிட்ரிப்டிலின் தடுக்கிறது. உமிழ்நீர் அமிலத்தைத் தணித்துப் பல்லைக் காப்பது. அது வற்றினால் பல் விரைவில் சொத்தையாகும். என் பெரியம்மா இதே மாத்திரையை நெடுங்காலம் எடுத்தார். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று சொல்லித் தலையணைக்கு அடியில் புளிப்பு டொபி வைத்திருப்பார். இரவில் ஒன்றைக் கன்னத்தில் அடக்கியபடியே உறங்குவார். நாளடைவில் அவருடைய பற்களின் கழுத்தில், முரசைத் தொடும் இடத்தில், கறுப்புக் கோடு விழுந்தது. பிறகு அந்தக் கோட்டில்தான் பற்கள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. பல் போனதால் கோயிலுக்கும் கலியாண வீடுகளுக்கும் போவதை நிறுத்தினார், தனிமை கூடியது, சோர்வும் கூடியது.

உங்கள் அம்மாவின் வெற்றிலையும் இதே வறட்சியின் விளைவாக இருக்கக்கூடும். பாக்கிலுள்ள அரிக்கோலின் உமிழ்நீரைத் தூண்டும் பொருள்; மாத்திரை தடுக்கும் அதே செய்தியைத்தான் அது எழுப்புகிறது. வெற்றிலை போட்டால் ஈரம் வருகிறது என்று அவர் சொல்வது முழுக்க உண்மை. அதைப் பழக்கத்துக்கான சாட்டாக எடுத்துக்கொள்ளாமல், மருந்தின் பக்கவிளைவைப் பற்றிய முறைப்பாடாகக் கேளுங்கள். உங்கள் ஊர் வெற்றிலைக் கொடிக்குப் பெயர் பெற்றது. வெற்றிலைத் தட்டு இல்லாத வீட்டை அங்கே நினைத்துப் பார்ப்பதும் கடினம். ஆயினும் பாக்கு, புகையிலை இல்லாமலே போட்டாலும், வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என்பது உறுதியாகிவிட்ட விடயம்.

அடுத்த கிளினிக் நாளில், வாய் காய்கிறது என்பதை வைத்தியரிடம் நீங்களே சொல்லுங்கள். நோயாளிகள் பெரும்பாலும் தாமாகச் சொல்வதில்லை. அளவைக் குறைப்பதா, வறட்சி குறைந்த வேறு மருந்துக்கு மெல்ல மாற்றுவதா என்பதை அவர் தீர்மானிக்க முடியும். முரசுக்கு ஆதார வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிச் சென்று, அவர் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலையும் காட்டுங்கள். பற்களின் கீழ் படிந்து இறுகிய காறையை நீக்கினாலே இரத்தம் வடிவது பெரும்பாலும் குறையும். அதனால் மனச்சோர்வு தீரும் என்று நான் சொல்லமாட்டேன்; வலியும் வாய்நாற்றமும் இல்லாமல் அவர் அயலவரோடு இருந்து பேசலாம், அதற்காகவே அது செய்யத்தக்கது. கிருமிகொல்லி வாய்கழுவியை நாள்தோறும் கொடுக்காதீர்கள். நான் முன்பு சொன்ன நல்ல பற்றீரியாக்களையும் அது அழிக்கும். இரவில் ஒரு முறையாவது புளோரைட்டுள்ள பற்பசையால் துலக்கினால் போதும் என்று தொடங்குங்கள். கிணற்றடி தூரமென்றால் கட்டிலுக்கே தண்ணீரும் கோப்பையும் கொண்டுபோய் நீங்கள் பக்கத்தில் இருங்கள்.

வெற்றிலையை ஒரே நாளில் பறிக்க வேண்டாம். முதலில் புகையிலையையும், பிறகு பாக்கையும் குறைக்கப் பேசிப் பாருங்கள். அடிக்கடி ஒரு மிடறு தண்ணீரும், கிடைத்தால் சீனியில்லாத சூயிங்கமும் ஈரத்துக்கு உதவும். அவருடைய வாய்க்குள் வெள்ளைத் திட்டோ, மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத புண்ணோ, வாயை முழுதாகத் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால், கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே பல் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

அன்புடன்.