எரிச்சலா, சாக்கா?

கேள்வி: என் மகள் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். களையான முகம், நிறம்தான் கொஞ்சம் மட்டு. அழகும் அடக்கமும் உள்ள பெண் என்று பெயரெடுத்து அவள் நல்ல குடும்பத்தில் வாழ்க்கைப்பட வேண்டும் என்பது என் ஆசை. நாத்தனார் சொன்னபடி மருந்துக்கடையில் டியூப் வாங்கி ஏழெட்டு மாதமாகத் தடவச் சொல்கிறேன், நல்ல பலன். ஆனால் குணம் மாறிவிட்டது. வெயிலில் முகம் எரிகிறது என்று சாக்குச் சொல்லி, மஞ்சள் வெட்டுக்குக்கூடத் தோட்டத்துப் பக்கம் வருவதில்லை. விருந்தாளி வந்தால் அறைக்குள் போய்விடுகிறாள். எப்படித் திருத்துவது?
— ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: மகளின் குணக்கேட்டை விரித்து எழுதிய நீங்கள், டியூபைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். முகம் எரிகிறது என்று அவள் சொல்வது சாக்கு என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? நிறம் கூடும் என்று சொல்லிக் கடைகளில் எடுத்துக் கொடுக்கும் களிம்புகள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கிறது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் ஆகிய பெயர்களில் ஏதேனும் ஒன்று டியூபின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இவற்றை மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் முதலில் தோல் வெளுக்கும். அதைத்தான் நீங்கள் பலன் என்கிறீர்கள். பிறகு தோல் மெலிந்து இரத்தநாளங்கள் சிவப்புக் கோடுகளாகத் தெரியும், பரு கிளம்பும், முகத்தில் முடி வளரும், வெயில் பட்டால் எரியும். அப்படிப்பட்ட முகத்தோடு விருந்தாளிகள் முன்னால் வந்து நிற்க எந்தப் பெண்ணுக்கு மனம் வரும்?

மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாத மருந்துகளின் பட்டியலில் இந்தக் களிம்புகள் 2018-இலேயே சேர்க்கப்பட்டுவிட்டன. கடைக்காரர் மீதும் குற்றம் உண்டுதான், ஆனால் அவர் அவளைப் பெற்றவர் அல்லர். (நாத்தனார் தம் மகளுக்கும் இதையே தடவுகிறாரா என்று நீங்கள் எழுதவில்லை.)

பெற்றவர் சொல்லைப் பிள்ளைகள் கேட்க வேண்டும், தோட்டத்து வேலையில் கைகொடுக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. உங்கள் மகள் அதைத்தான் செய்திருக்கிறாள். எரிச்சலைப் பொறுத்துக்கொண்டு, தாய் சொன்ன ஒரே காரணத்துக்காக ஏழெட்டு மாதம் அதைத் தடவிய பெண்ணிடம் இதற்கு மேலும் என்ன அடக்கத்தைத் தேடுகிறீர்கள், அம்மா? கட்டளையிடும் உரிமையை எடுத்துக்கொண்ட நீங்கள், கையில் கொடுப்பது மருந்தா நஞ்சா என்று விசாரிக்கும் கடமையை நாத்தனாரிடமும் கடைக்காரரிடமும் விட்டுவிட்டீர்கள்.

பயந்துபோய் டியூபை இன்றே தூக்கி எறிந்துவிடவும் வேண்டாம். திடீரென நிறுத்தினால் சிவப்பும் எரிச்சலும் முன்னைவிட மோசமாகலாம் என்பதால், எப்படி நிறுத்துவது என்பதைத் தோல் மருத்துவரே சொல்ல வேண்டும். பெருந்துறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, டியூபைக் கையோடு எடுத்துக்கொண்டு, இந்த வாரமே அவளை அழைத்துச் செல்லுங்கள். அங்கே மருத்துவர் கேட்கும் கேள்விகளுக்கு நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லாதீர்கள்; எரிச்சல் எப்போது தொடங்கியது என்பது அவளுக்குத்தான் தெரியும்.

முகம் தேறும் வரை மஞ்சள் வெட்டுக்கு ஆள் வைத்துக்கொள்ளுங்கள். கூலியை நாத்தனாரிடம் கேட்டாலும் தவறில்லை.