பாடல் வரிகளுக்கான ஸ்டாண்டை மேடையில் வைக்கலாமா?

வரிகள் எழுதிய தாளை ஸ்டாண்டில் வைத்துப் பாடுவதைக் குழுவினர் குறையாகச் சொல்கிறார்கள் என்கிறீர்கள். இப்போதைக்கு ஸ்டாண்டை எடுக்காதீர்கள். இடுப்பளவுக்கு இறக்கி, தட்டைக் கிட்டத்தட்டப் படுக்கையாகச் சாய்த்து, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். குழுவினர் குறைப்படுவது தாளைப் பற்றியல்ல, உங்கள் முகம் மறைவதைப் பற்றித்தான் இருக்கும்.

வீட்டில் தடுமாறாத இரண்டாம் சரணம் மேடையில் மறந்துபோகிறது என்கிறீர்கள். ஒத்திகை முழுவதும் தாளைப் பார்த்தே பாடியதுதான் காரணமாக இருக்க வேண்டும். பார்த்தவுடன் நினைவுக்கு வருவது வேறு, பாராமல் வருவது வேறு.

சோதித்துப் பாருங்கள்: ஸ்டாண்டைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டு, நின்றபடி முழுப் பாடலையும் நிறுத்தாமல் பாடுங்கள். எங்கே தடுக்கிறதோ, அந்த வரியின் முதல் இரண்டு சொற்களை மட்டும் பெரிய எழுத்தில் ஒரே அட்டையில் எழுதுங்கள். பெரும்பாலும் சரணங்களின் தொடக்கம்தான் சிக்கும். மேடைக்கு அந்த அட்டை போதும். முழு வரிகளும் எதிரில் இருந்தால் கண் அங்கேயே ஒட்டிக்கொள்ளும்.

பார்த்து வாசிப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பியானோ மேதை ஸ்வியாதஸ்லாவ் ரிக்டர் தம் பிற்காலக் கச்சேரிகளில் அரங்கை இருட்டாக்கி, ஒரு சிறு விளக்கொளியில் இசைக்குறிப்பைப் பார்த்தே வாசித்தார். சிம்பொனி இசைக்குழுக்களில் ஸ்டாண்டு இல்லாமல் வேலையே நடக்காது.

ஒரு எச்சரிக்கை: நிகழ்ச்சிக்கு முந்தைய நாள் கைக்கு வந்த பாடலுக்கு இந்த அட்டை முறை வேண்டாம், முழுத் தாளையே வையுங்கள். உலோகத் தட்டு மைக்குக்கு அருகில் இருந்தால் குரல் அதில் பட்டு எதிரொலிக்கும். மேலே ஒரு தடித்த துணியை விரித்துவிடுங்கள்.