சின்னஞ்சிறு விளக்கை எரிய வைப்பது: மினியேச்சர் பெயின்டிங் கேள்வி-பதில்

மேசை விளையாட்டுகளுக்கான 28 முதல் 32 மி.மீ. மினியேச்சர்களில் (சின்ன உருவப் பொம்மைகளில்) விளக்கு, தீப்பந்தம், மந்திரக்கோல், பிளாஸ்மா துப்பாக்கி ஆகியவற்றின் ஒளி சுற்றிலும் விழுவதுபோல் பெயின்ட் செய்வதை ஆப்ஜெக்ட் சோர்ஸ் லைட்டிங் என்பார்கள். சுருக்கமாக ஓ.எஸ்.எல். இதில் இறங்கும் புதியவர்கள் கேட்டவற்றில் சில.

லாந்தருக்கு நல்ல மஞ்சள் அடித்து, பக்கத்தில் இருக்கும் மேலங்கியிலும் மஞ்சள் பூசினேன். வெளிச்சம் மாதிரி தெரியவில்லை. மஞ்சள் பெயின்ட் சிந்திய மாதிரி இருக்கிறது. என்ன தப்பு?

லாந்தரும் மேலங்கியும் ஒரே அளவு பளிச்சென்று இருப்பதுதான் தப்பு. பெயின்ட் தானாக ஒளிராது. பக்கத்துப் பரப்பு எவ்வளவு இருட்டாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் கண் ஒன்றை 'எரிகிறது' என்று முடிவு செய்கிறது. ஆகவே ஒளி மூலம்தான் உருவம் முழுவதிலும் மிக வெளிறிய இடமாக இருக்க வேண்டும்; கிட்டத்தட்ட வெள்ளை. அதை ஒட்டிய பரப்பில் மஞ்சளோ ஆரஞ்சோ முழு நிறத்தோடு இருக்கலாம், ஆனால் மூலத்தைவிட ஒரு படி மங்கலாக. இன்னும் தள்ளிப் போகப் போக அடிநிறம் மேலோங்க வேண்டும். ஒளி எட்டாத பக்கம், நீங்கள் வழக்கமாகப் பெயின்ட் செய்வதைவிடவே இருட்டாக இருக்க வேண்டும்.

போனில் ஒரு படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். விளக்கைவிட வாளின் விளிம்போ, கண்ணோ, பேஸில் (உருவம் நிற்கும் அடித்தட்டில்) ஒட்டிய பனித்தூளோ வெளுப்பாகத் தெரிந்தால், அதைக் குறைத்தே ஆக வேண்டும்.

இப்போது கையில் இருப்பதைச் சரிசெய்ய இன்னும் மஞ்சள் சேர்க்காதீர்கள். மேலங்கியின் அடிநிறத்தில் துளி அடர்நீலம் கலந்து, நீர்க்கச் செய்து, விளக்குக்கு எதிர்ப்பக்கம் முழுக்க இரண்டு மூன்று மெல்லிய பூச்சு கொடுங்கள். மஞ்சள் திட்டின் வெளி ஓரத்தையும் அதே கலவையால் உள்ளே ஒடுக்குங்கள். கடைசியாக விளக்கின் நடுவில் தந்த வெள்ளையை (ஐவரி நிறத்தை) வையுங்கள். பெரும்பாலும் இவ்வளவே போதும்.

முதல் முயற்சிக்கு எந்த மாதிரி உருவம் நல்லது?

ஒரே ஒரு விளக்கு. அது உடம்புக்கு அருகில், இடுப்பு அல்லது மார்பு உயரத்தில் இருக்கட்டும். பக்கத்தில் அகலமான துணி மடிப்புகள் இருக்கட்டும். லாந்தர் ஏந்திய முக்காடு போட்ட உருவம் மிகப் பொருத்தம். தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த தீப்பந்தம் வேண்டாம். ஒளி விழப் பரப்பே கிடைக்காது. இரண்டு நிற விளக்குகள் உள்ள உருவத்தையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒளி எங்கே விழும், எங்கே விழாது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஓ.எஸ்.எல்.லில் பாதி வேலை பிரஷைத் தொடும் முன்பே, இந்தக் கேள்வியில்தான் முடிகிறது. அவசரப்படாதீர்கள்.

ஒளி நேர்கோட்டில் போகும். விளக்கிலிருந்து ஒரு பல்குச்சியை நீட்டிப் பாருங்கள்: குச்சி தடையில்லாமல் தொடும் பரப்புக்கு ஒளி உண்டு; நடுவில் கையோ பெல்ட்டோ மறித்தால் அதற்குப் பின்னால் நிழல். விளக்கை நேராகப் பார்க்கும் பரப்பு அதிகம் வாங்கும், சாய்ந்த பரப்பு குறைவாக வாங்கும். தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒரு பங்காகிவிடும். அதனால் இந்த அளவு உருவத்தில் சிறு லாந்தரின் ஒளி முதல் ஒரு சென்டிமீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் தீர்ந்துவிட வேண்டும். முழங்கால்வரை ஒரே பலத்தில் இழுத்தால் கண் நம்பாது.

இன்னும் தெளிவு வேண்டுமென்றால் ஒரு 3 மி.மீ. வெள்ளை எல்.இ.டி.யும், சி.ஆர். 2032 பட்டன் பேட்டரியும் வாங்குங்கள். எல்.இ.டி.யின் நீளக் காலைப் பேட்டரியின் பிளஸ் பக்கமும், குட்டைக் காலை மைனஸ் பக்கமும் வைத்து அழுத்தினால் எரியும். பிரைமர் (பெயின்ட் ஒட்டுவதற்கான முதல் பூச்சு) மட்டும் அடித்த உருவத்தை இருட்டறையில் வைத்து, லாந்தருக்குப் பக்கத்தில் எல்.இ.டி.யைப் பிடித்து நான்கு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். போன் டார்ச் இதற்கு ஆகாது. இந்த அளவு உருவத்துக்கு அது மிகப் பெரிய விளக்கு.

அந்தப் படங்களில் ஒன்று உடனே தெரியும். இடுப்பு உயர விளக்கு தாடையின் அடியையும் மூக்கின் அடியையும் கையின் கீழ்ப்புறத்தையும்தான் ஒளிரச் செய்கிறது. மேலிருந்து வெளிச்சம் விழுவதாக எண்ணி நாம் வழக்கமாகப் போடும் ஹைலைட்டுக்கு (வெளிர்நிறத் தீற்றலுக்கு) இது நேர் எதிர். பழக்கத்தில் தோள்மேலும் தலைமேலும் பளிச்சென்று ஹைலைட் போட்டுவிட்டால், அதோடு போட்டியிட்டு உங்கள் விளக்கு தோற்றுவிடும். பேஸையும் மறக்காதீர்கள், காலடி மண்ணிலும் ஒரு வெளிச்சத் திட்டு விழும்.

'கிளேஸ் போடு' என்கிறார்கள். எவ்வளவு பெயின்ட், எவ்வளவு தண்ணீர்? எனக்கு ஓரமெல்லாம் வளையம் வளையமாகக் கறை விழுகிறது.

கிளேஸ் என்பது அடிநிறம் தெரியும்படி போடும் மிக மெல்லிய பூச்சு. 1 துளி பெயின்டுக்கு 4 முதல் 6 துளி கரைப்பான். அதில் பாதி கிளேஸ் மீடியம் (பெயின்டை நீர்க்கச் செய்யும் நிறமற்ற திரவம்), பாதி தண்ணீர். வெறும் தண்ணீரை இந்த அளவு ஊற்றினால் அக்ரிலிக்கின் ஒட்டும் பொருள் நீர்த்து, நிறத்துகள்கள் ஓரத்துக்கு ஓடிச் சேரும். வளையத்துக்கு ஒரு காரணம் அது.

இன்னொரு காரணம் பிரஷில் அதிகம் ஈரம். தோய்த்ததும் டிஷ்யூவில் ஒற்றி எடுங்கள். கட்டைவிரல் நகத்தில் இழுத்துப் பாருங்கள்: மெல்லிய சாயம் மட்டும் படிய வேண்டும், துளி தேங்கக் கூடாது. இழுக்கும் திசையும் முக்கியம். பிரஷைத் தூக்கும் இடத்தில்தான் நிறம் அதிகம் இறங்கும். ஆகவே இருட்டிலிருந்து விளக்கை நோக்கி இழுத்து, விளக்கருகே தூக்குங்கள். ஒரு பூச்சு முழுதாகக் காயாமல் அடுத்ததைத் தொட்டால் கீழ்ப்பூச்சு உரிந்துவிடும்.

பழுப்பு மேலங்கி, ஆரஞ்சு லாந்தர் என்று வைத்துக்கொள்வோம். முதலில் உருவம் முழுவதையும் வழக்கத்தைவிட ஒரு படி அடர்த்தியாக முடித்துவிடுங்கள். லாந்தர் கண்ணாடியை வெள்ளையாக்குங்கள். பிறகு செம்பழுப்பு கிளேஸை ஒளி எட்டும் பரப்பு முழுக்க இரண்டு தடவை போடுங்கள். அதற்குள் சற்றுச் சிறிய இடத்தில் ஆரஞ்சு, இரண்டு தடவை. இன்னும் சிறிதாக மஞ்சள் கலந்த ஆரஞ்சு, ஒரு தடவை. விளக்குக்கு மிக அருகில் உள்ள மடிப்பு முனைகளுக்கும் விரல் ஓரங்களுக்கும் மட்டும் வெளிர்மஞ்சள் கோடு. கண்ணாடியில் ஓரம் ஆரஞ்சு, உள்ளே மஞ்சள், நடுவில் தந்த வெள்ளை. ஒவ்வொரு பூச்சும் முந்தையதைவிடச் சிறிய இடத்தை மூட வேண்டும் என்பதை மட்டும் விடாதீர்கள். எல்லாப் பூச்சையும் ஒரே எல்லையில் நிறுத்தினால்தான் அது ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகிறது.

பிரஷ் 0 அல்லது 1 எண் போதும். மிகச் சிறிய பிரஷில் பெயின்ட் நுனியிலேயே காய்ந்துவிடும்.

சிவப்பு ஒளி வேண்டும். நடுவில் வெள்ளை சேர்த்தால் ரோஸ் ஆகிவிடுகிறதே?

சிவப்பில் வெள்ளை கலந்தால் ரோஸ்தான் வரும். சிவப்பை வெளுக்க ஆரஞ்சு சேருங்கள், அதற்கும் மேலே வெளிர் மஞ்சள் அல்லது வெளிர் தோல்நிறம். மூலத்தின் நடுப்புள்ளி வெளிர் ஆரஞ்சாக இருந்தால் போதும். சுற்றிலும் தூய சிவப்பு மட்டும் விழட்டும். ஒரு சங்கடம் உண்டு: சிவப்பு இயல்பிலேயே அடர் நிறம். அது ஒளிபோல் தெரியச் சுற்றுப்புறம் ஏறக்குறையக் கறுப்பாக இருக்க வேண்டும்.

பச்சைக்கு நடுவில் மஞ்சள் கலந்த வெள்ளை. நீலத்துக்கு, துளி டர்க்காய்ஸ் கலந்த வெள்ளை. தொடங்குபவருக்கு மிக எளிதாக வருபவை பச்சை, நீலப்பச்சை, ஆரஞ்சு.

சிவப்புக் கவசத்தின் மேல் நீல ஒளி விழுந்தால் என்ன நிறம் வரும்?

உண்மையில் சிவப்புப் பரப்பு நீல ஒளியைத் திருப்பி அனுப்பாது, கறுப்பாகத்தான் தெரியும். அப்படியே பெயின்ட் செய்தால் ஒளி விழுந்ததே தெரியாமல் போகும். ஆகவே கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கவசத்தில் மெல்லிய ஊதா கலந்த நீலம் போடுங்கள். வெள்ளைத் தாடி, தோல், எலும்பு மாலை போன்ற வெளிர் பரப்புகளில் நீலத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். பரப்புக்குப் பரப்பு அளவு மாறினாலே நம்பகத்தன்மை பலமடங்கு கூடும்.

தீப்பந்தத்தின் நெருப்பு சிவப்புத் துணிபோல் இருக்கிறது.

பள்ளத்தில் அடர்நிறம், மேட்டில் வெளிர்நிறம் என்ற வழக்கமான முறையில் போட்டிருப்பீர்கள். நெருப்புக்கு அதைத் தலைகீழாக்க வேண்டும். எரியும் பொருளை ஒட்டிய அடியும் உட்பள்ளமும் வெளிறி இருக்கும், நுனிதான் சிவக்கும். முழு நெருப்பையும் வெள்ளையாக்கி, நீர்த்த மஞ்சளைப் பள்ளங்களுக்குள் ஓடவிடுங்கள். காய்ந்ததும் ஆரஞ்சை மேடுகளில் ட்ரை பிரஷ் செய்யுங்கள்; அதாவது பெயின்டை ஏறக்குறையத் துடைத்துவிட்ட பிரஷால் லேசாக உரசுங்கள். மேல் பாதியில் சிவப்பு, கடைசி நுனிகளில் மட்டும் அடர்பழுப்பு. எரிமலைக் குழம்பு பேஸுக்கும் இதே விதி: வெடிப்புக்குள் மஞ்சள், மேலோடு கறுப்பு.

ஃபுளோரசன்ட் பெயின்ட் வாங்கினால் வேலை சுலபமாகுமா? இருட்டில் ஒளிரும் பவுடர் எப்படி?

ஃபுளோரசன்ட் நிறமி, கண்ணுக்குத் தெரியாத புற ஊதாவையும் நீலப் பக்கத்து ஒளியையும் வாங்கித் தன் நிறத்தில் திருப்பித் தருகிறது. அதனால் ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் துள்ளும். மஞ்சள் பல்பின் கீழ் அவ்வளவு துள்ளாது. மூடும் திறன் மிகக் குறைவு என்பதால் அடியில் வெள்ளை கட்டாயம். வெயிலில் விரைவில் வெளுத்தும் போகும். மேலே சொன்ன முறையில் ஒளியை அமைத்துவிட்டு, கடைசியில் ஒரு மெல்லிய பூச்சாகச் சேர்த்தால் நன்றாக இருக்கும். இருட்டையே அமைக்காமல் இதை மட்டும் நம்பினால் வெறும் பளிச் நிறம்தான் மிஞ்சும்.

இருட்டில் ஒளிரும் பவுடர் வேறு சங்கதி. இப்போது பெரும்பாலும் கிடைப்பது ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட். வெளிச்சத்தில் வைத்துச் சார்ஜ் ஏற்றினால் இருட்டில் ஒளிரும். பகலில் மங்கிய, சொரசொரப்பான பூச்சாகத் தெரியும். ஓ.எஸ்.எல்.லுக்கு அது உதவாது.

ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்டைப் பீய்ச்சும் கருவி) இல்லாமல் முடியுமா?

தாராளமாக. மேக்கப் கடையில் கிடைக்கும் மென்மையான உருண்டை பிரஷால், விளக்கிருக்கும் திசையிலிருந்து மட்டும் ட்ரை பிரஷ் செய்தால் ஏறக்குறைய அதே படிமாற்றம் கிடைக்கும். ஏர்பிரஷ் வைத்திருப்பவர்கள் 0.2 அல்லது 0.3 மி.மீ. நாசில், சுமார் 15 பி.எஸ்.ஐ. அழுத்தம், 2–3 செ.மீ. தூரம் என்று தொடங்கலாம். முகக்கவசம் அவசியம். நிழலுக்குள்ளும் பெயின்ட் புகை படிந்துவிடும். அதைப் பிரஷால் மறுபடி இருட்டாக்காமல் விடாதீர்கள்.

வெள்ளி நிற மெட்டாலிக் கவசத்தில் ஒளி காட்டுவது எப்படி?

வெள்ளை கலந்த பெயின்ட் போட்டால் உலோகப் பளபளப்பு செத்துவிடும். ஒளி ஊடுருவும் இங்க் அல்லது கான்ட்ராஸ்ட் வகைப் பெயின்டை மீடியத்தில் நீர்க்கச் செய்து மேலே பூசுங்கள். அடியில் உள்ள உலோகத் துகள் மின்னிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்தத் துகள்கள் அறை விளக்கையும் பிரதிபலிக்கும். ஒளி எட்டாத பக்கத்தை நீலக்கறுப்பு வாஷால் (மிக நீர்த்த பெயின்டால்) இரண்டு முறை அடக்குங்கள்.

வார்னிஷ் அடித்ததும் ஒளி மங்கி, வெள்ளையாகப் பூத்துவிட்டது. காப்பாற்ற முடியுமா?

இரண்டும் வேறு வேறு கோளாறு. வெள்ளையாகப் பூப்பது பெரும்பாலும் ஈரக்காற்றில் ஸ்ப்ரே அடிப்பதால் வருவது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர் மாதிரி கடலோர ஊர்களில் மழைநாளில் ஸ்ப்ரே வேண்டவே வேண்டாம். பிரஷால் பூசும் அக்ரிலிக் மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷே பாதுகாப்பு. அதையும் நன்றாகக் குலுக்குங்கள், மேட் ஆக்கும் தூள் அடியில் தங்கிவிடும். லேசாகப் பூத்திருந்தால், காய்ந்தபின் அதன்மேல் மெல்லிய கிளாஸ் (பளபளப்பான) வார்னிஷ் ஒரு பூச்சு கொடுங்கள்; பல சமயம் தெளிந்துவிடும். பிறகு மேட் போட்டுப் பளபளப்பைக் குறைக்கலாம்.

ஒளி மங்குவதற்குக் காரணம், மேட் பரப்பு வெளிச்சத்தைச் சிதறடித்து இருட்டு இடங்களையும் சற்று வெளுக்க வைப்பது. எனவே வேலை வரிசையை மாற்றுங்கள். கிளேஸ் எல்லாம் முடிந்ததும் வார்னிஷ். அது முழுதாகக் காய்ந்தபின் விளக்கின் நடுவெள்ளையையும், மிக அருகில் உள்ள விளிம்புக் கோடுகளையும் மறுபடி தொட்டு எடுங்கள். லாந்தர் கண்ணாடிக்கு மட்டும் மேலே ஒரு துளி கிளாஸ் வார்னிஷ் வைக்கலாம்.