முதலாளியும் மகனும்

அன்புள்ள ஐயா,

என் அப்பாவுக்குச் சொந்த ஊர் திருச்செந்தூர் பக்கம். 1970-இல், ஐந்தாவது முடித்த கையோடு, 11 வயதில் சென்னையில் ஒரு மளிகைக்கடையில் கொண்டுவந்து விடப்பட்டவர். இப்போது சொந்தக் கடை வைத்திருக்கிறார். எனக்கு ஐந்து ரூபாய் கொடுத்தாலும் கணக்குக் கேட்பார். நான் எட்டாவது படிக்கும்போது கல்லாவில் நூறு ரூபாய் குறைந்தது என்று, சாமான் வாங்க வந்தவர்கள் முன்னாலேயே அடித்தார். பணம் பிறகு தராசுக்கு அடியில் கிடைத்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கல்லூரி முடித்ததும் “கடையப் பாத்துக்கோலே” என்றார். மாட்டேன் என்று ஐடி வேலைக்குப் போனேன். அதிலிருந்து அம்மா வழியாகத்தான் பேச்சு. “அவர் சின்ன வயசுல பட்ட பாடு அப்படி, நீதான் புரிஞ்சுக்கணும்” என்கிறார் அம்மா. புரிந்தும் கோபம் போகவில்லை. போன வாரம் என் ஐந்து வயது மகன் பென்சிலைத் தொலைத்ததற்கு, அப்பா குரலிலேயே கத்திவிட்டேன். என்னதான் செய்வது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கோபம் போகாவிட்டால் போகட்டும். அம்மா சொல்வது உண்மைதான், ஆனால் அதைச் சொல்லியே உங்கள் வாயை அடைக்கிறார். அப்பா பட்ட பாடு ஒரு கணக்கு, நீங்கள் நாலு பேர் முன்னால் வாங்கிய அடி இன்னொரு கணக்கு. ஒன்றில் இன்னொன்றைக் கழிக்க முடியாது.

ஆனால் ‘பட்ட பாடு’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடவும் கூடாது. அப்படி ஊரிலிருந்து கடைக்கு வந்தவர்கள் சிலரோடு பழகியிருக்கிறேன். விடியுமுன் கடையைக் கூட்டித் தெளித்து, நாள் முழுக்கப் பொட்டலம் மடித்துச் சணல் சுற்றி, இரவு கணக்கு முடிந்தபின் அரிசி மூட்டைகளுக்கு நடுவே சாக்கை விரித்துப் படுத்தவர்கள். சம்பளம் கைக்கு வராது. முதலாளியிடமே ஏறிக்கொண்டிருக்கும், பொங்கலுக்கோ கோயில் கொடை விழாவுக்கோ ஊருக்குப் போகும்போது மொத்தமாக வீட்டுக்குப் போகும். (14 வயது நிரம்பாதவர்களைக் கடையில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று 1947-ஆம் வருடத்துக் கடைகள் சட்டமே சொல்லியாகிவிட்டது. யார் போய்க் கேட்டார்கள்!)

11 வயதுக்குப் பிறகு உங்கள் அப்பா தன் அப்பாவோடு வாழவே இல்லை. எட்டாவது படிக்கிற பையனிடம் ஒரு தகப்பன் எப்படிப் பேசுவார், எதற்குச் சிரிப்பார், எதைக் கண்டும் காணாமல் விடுவார் என்பதெல்லாம் அவர் பார்த்ததில்லை. பார்த்தது முதலாளியைத்தான். கல்லா குறைந்தால் முதல் சந்தேகம் பையன் மேல். பணம் கிடைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. பையனிடம் மன்னிப்புக் கேட்கிற முதலாளியை அவர் கண்டிருப்பாரா என்ன? உங்களை வளர்க்க அவருக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான்.

அந்தக் கடைகளில் பிரியத்துக்கும் ஒரு வழி உண்டு. பல வருடம் நாணயமாக நின்ற பையனுக்கு முதலாளியே முன்நின்று தனிக்கடை வைத்துக் கொடுப்பார். மொத்த வியாபாரியிடம் “நம்ம பையன்தான், சரக்குப் போடுங்க” என்று ஒரு வார்த்தை சொல்வார். அதற்கு மேல் ஒரு மரியாதை அங்கே கிடையாது. “கடையப் பாத்துக்கோலே” என்றபோது உங்கள் அப்பா தன்னிடம் இருந்ததிலேயே பெரியதைத்தான் நீட்டினார் என்று நினைக்கிறேன். நீங்கள் வேண்டாம் என்றதும் சரிதான். அந்த வாழ்க்கை உங்களுக்கு ஒத்துவராது. ஆனால் உங்களையும் கடைப்பையனாக்கப் பார்த்தார் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தால், அதை மட்டும் விட்டுவிடுங்கள்.

முதலில் அம்மாவைத் தூது விடுவதை நிறுத்துங்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. போய் உட்கார்ந்து, “உங்கள முதல்ல எந்தக் கடைலப்பா விட்டாங்க? ஊர்லேர்ந்து யார் கூட்டிட்டு வந்தா?” என்று கேளுங்கள். “அதெல்லாம் இப்ப எதுக்குலே” என்றால் விட்டுவிட்டு இன்னொரு நாள் கேளுங்கள். நூறு ரூபாய் விஷயத்தையும் ஒருநாள் அவரிடம் நேரிலேயே சொல்லிவிடுங்கள், இதே பேச்சோடு சேர்க்காமல். மன்னிப்பை எதிர்பார்த்துப் போகாதீர்கள். அதிகபட்சம் பேரனுக்கென்று ஒரு பாக்கெட் கடலைமிட்டாய் வரும், அதுவும் விலையைச் சொல்லிவிட்டுத்தான் வரும்.

மகன் விஷயத்துக்கு அதுவரை காத்திருக்க வேண்டாம். “பென்சிலுக்குப் போய் அப்பா அப்படிக் கத்தியிருக்கக் கூடாது” என்று இன்று சாயங்காலமே அவனிடம் சொல்லுங்கள். தாத்தா கதையெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.