ஹெல்மெட் போடாதவனுக்கு ஏன் என் வரிப்பணம்?

கேள்வி: ஹெல்மெட் போடாமல் வண்டியை முறுக்கி விழுந்தவனுக்கும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் அரசுதான் சிகிச்சைக்குச் செலவு செய்கிறது. விதிவசத்தால் அடிபட்டவனுக்குச் செய்யுங்கள். கொழுப்பெடுத்து விழுந்தவனுக்கு எதற்கு? - ஒரு வாசகர், ஈரோடு.

பதில்: உங்கள் கட்சிக்குப் பெரிய ஆள் ஒருவர் இருக்கிறார். அமெரிக்கச் சட்டத் தத்துவ அறிஞர் ரொனால்ட் ட்வார்கின் 1981-இல் அதிர்ஷ்டத்தை இரண்டாகப் பிரித்தார். சூதாடித் தோற்பது தெரிந்தே இறங்கியது. பிறவியிலேயே பார்வையில்லாமல் போவது தலையில் வந்து விழுந்தது. பின்னதற்குச் சமூகம் ஈடு கட்ட வேண்டும், முன்னது அவரவர் பாடு. காப்பீடு எடுக்க எல்லாரையும்போல வழியிருந்தும் எடுக்காமல் விட்டவனும் பெரும்பாலும் அந்த முதல் வகையில்தான் சேருவான்.

காகிதத்தில் அழகாக இருக்கிறது. 1999-இல் அமெரிக்கத் தத்துவ அறிஞர் எலிசபெத் ஆண்டர்சன் இதை ரோட்டுக்குக் கொண்டுவந்தார்: காப்பீடு இல்லாத ஒருவர் தப்பாக வண்டியைத் திருப்பி இன்னொரு வண்டியில் மோதுகிறார். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து, தப்பு யார்மேல் என்று பார்த்துவிட்டு, அவரை அப்படியே சாகவிட்டுப் போகலாமா? உங்கள் கணக்குப்படி போகலாம்.

சரி, உங்கள் ஆளுக்கே வருவோம். ஹெல்மெட் இல்லாதது அவன் தப்பு. ரோட்டுப் பள்ளம்? எரியாத தெருவிளக்கு? எதிரே ஹைபீம் போட்டு வந்த லாரி? யாருக்கு எத்தனை பங்கு என்று பிரித்து முடிப்பதற்குள் தலைக்குள் ரத்தம் கட்டிவிடும். அதனால்தான் 2021 டிசம்பரில் தொடங்கிய அந்தத் திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் காப்பீட்டு அட்டை கேட்காமல், எந்த ஊர்க்காரர் என்றும் கேட்காமல் தருகிறது. (வண்டி இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்பீர்கள். தேர்ட் பார்ட்டி பாலிசி ஓட்டுபவருடைய ஆஸ்பத்திரி பில்லுக்கு உதவாது. கூடவே எடுக்கும் 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் சாவுக்கும் நிரந்தர ஊனத்துக்கும்தான்.)

தப்பைக் கணக்கில் எடுக்கும் இடம், விபத்து இழப்பீட்டை முடிவு செய்யும் தீர்ப்பாயம். இழப்பீடு 10 லட்சம், அடிபட்டவர் தப்பு 20 சதவீதம் என்றால் கையில் வருவது 8 லட்சம். அங்கேகூட விதியை மீறினார் என்பதற்காக மட்டும் வெட்டிவிட முடியாது. ஒரே பைக்கில் மூன்று பேர் போன வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது இதுதான்: அந்த மீறலால்தான் விபத்து நடந்தது, அல்லது அடி பெரிதானது என்று காட்ட வேண்டும்.

இன்னொன்று. அதே இரவு, அதே ரோட்டில், அதே வேகத்தில், ஹெல்மெட் இல்லாமல் போன இன்னொருவன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டான். இருவரும் செய்தது ஒரே காரியம். கொழுப்புக்குத்தான் விலை என்றால் இருவருக்கும் ஒரே விலை போட வேண்டும். சட்டத்தில் அது இருக்கிறது: 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸ் முடக்கம். அதற்கு மேல் ஒருவனுக்கு மட்டும் மண்டை உடைந்தது, நீங்கள் ஈடு செய்யச் சம்மதிக்கும் அதே விதிவசம்.

பின்னால் உட்காருபவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். உங்கள் வண்டியில் இரண்டு இருக்கிறதா?