வாசகர் கேள்வி: பூட்டிய வீட்டுக்கு ஓட்டு உண்டா?

கேள்வி: தேவகோட்டையில் எங்கள் பூர்வீக வீடு இருக்கிறது, வரியும் கட்டுகிறோம். குடியிருப்பது சென்னையில். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகனுக்கும் சேர்த்துக் காரைக்குடித் தொகுதியிலேயே பெயரை வைத்துக்கொள்ளலாமா?

பதில்: வைத்துக்கொள்ள முடியாது. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, வீடு சொந்தமாக இருப்பதை மட்டும் குடியிருப்பாக ஏற்பதில்லை. படைப்புக்கும் (முன்னோருக்குப் படையலிடும் சடங்கு) கல்யாணத்துக்கும் வந்து திறக்கிற வீடு என்றால் போதாது. செட்டிநாட்டில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

சென்னை முகவரிக்கு மாற படிவம் 8 கொடுங்கள். படிவம் 6 முதல்முறை சேருபவர்களுக்கானது. அதைக் கொடுத்தால் பழைய பெயர் நீங்காமல் இரண்டு இடத்தில் பதிவாகிவிடும். பொய் உறுதிமொழி தந்தால் ஓராண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும். வேட்புமனுவின் கடைசி நாள் முடிந்தபின் பட்டியலில் பெயர் ஏறாது. உங்கள் விண்ணப்பத்தின் மேல் மற்றவர்கள் ஆட்சேபம் சொல்ல 7 நாள் விடுவார்கள், ஆகவே கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள்.

மகன் கதை வேறு. இந்தியக் குடியுரிமை இருந்தால் படிவம் 6ஏ. பாஸ்போர்ட்டில் உள்ள இந்திய முகவரி எந்தத் தொகுதியோ, அங்கேதான் ஓட்டு. அது தேவகோட்டை முகவரி என்றால் காரைக்குடித் தொகுதியே கிடைக்கும். அவருக்கு வாக்காளர் அட்டை தரமாட்டார்கள். அசல் பாஸ்போர்ட்டோடு நேரில் வந்தே வாக்களிக்க வேண்டும். சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கியிருந்தால் இங்கே ஓட்டு இல்லை.